சீட்டு எழுதிய பிறகு

ஆம்பர் மணியை உள்ளங்கையில் வாங்கியதும் அவளுக்கு முதலில் உறைத்தது அதன் சூடுதான். மண்ணுக்குள் கிடந்து கல்லாக இறுகிய மரப்பிசின், கண்ணாடி மாதிரி சில்லென்று இருக்காது என்பது பதினெட்டு வருஷமாக நகைப் பட்டறையில் தரம் பார்க்கிறவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இது காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி கொதித்தது.

"வெயில்ல வச்சிருந்தியா?"

"மடியிலதான் வச்சிருந்தேன், அண்ணி," என்றாள் நாத்தனார். "போன வருஷம் என் பொண்ணு மாலையைப் பார்த்தவுடனே பிளாஸ்டிக்னு சொன்னீங்க. செத்த பொண்ணு கழுத்துல கிடந்ததை, நாலு பேர் முன்னாடி. இதையாவது நிதானமா சோதிச்சுப் பாருங்க. நல்லதுன்னா துளை போட்டுக் கொடுங்க, அந்த மாலையிலேயே கோத்துடறேன்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

வேலை செய்கிற இடத்துக்கே வந்து குத்திக்காட்டிவிட்டுப் போகிறாளே, என்ன வாய்க்கொழுப்பு! அன்று அந்த மாலையை உரசிக்கூடப் பார்க்கவில்லை, வாஸ்தவம்தான். பார்த்தாலே போதும் என்ற திமிர் அவளுக்கு எப்போதும் உண்டு.

ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் மணியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கெட்டித் தேன் நிறம், கலங்கல் இல்லை, வெடிப்பு இல்லை, நடுவில் ஒரு குமிழி மட்டும். தரச் சீட்டை முதலில் எழுதிவிட்டு, சோதனையைப் பிறகு ஒப்புக்குச் செய்வது அவள் பழக்கம். 'முதல் தரம். துளை போடலாம்' என்று எழுதித் தட்டில் போட்டாள். சீட்டும் மணியும் தட்டில் சேர்ந்துவிட்டால், சுவரில் இருந்த சதுரத் திறப்பு வழியாக அடுத்த அறைத் துளைக்காரர் இழுத்துக்கொள்வார். கேள்வி கேட்கமாட்டார். மெஷின் சத்தத்துக்காகக் காதில் பஞ்சு, தூசி வெளியே வராமலிருக்கக் கதவுக்கு உள்தாழ்.

மணியைச் சேலைத் தலைப்பில் பரபரவென்று தேய்த்து முகர்ந்தாள். பிசின் வாசனை வர வேண்டும். வந்தது ஷாம்பு வாசனை. காலையில் மகளுக்குத் தலையில் தேய்த்த அதே ஷாம்பு.

"அம்மா, வலிக்குது. ஏன் தலையை இப்படித் தேய்க்கிற?"

பள்ளி விடுமுறை என்று கூட்டி வந்திருந்த வாண்டு, அந்தக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நடுவில் பத்தடி தூரம். அவள் தலைமுடியெல்லாம் குத்திட்டு நின்றது.

"சும்மா இருடி. உன்னை யாரு தொட்டா?"

சொல்லிவிட்டாளே தவிர, தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் மணியைப் போட்டாள். நிஜ ஆம்பர் மிதக்கும். மிதந்தது. விட்டால் மேலே வருகிறதா என்று பார்க்க, வழக்கம்போல் விரலால் அடியில் அழுத்திப் பிடித்தாள்.

நடுவிலிருந்த குமிழி சின்னதாகிக்கொண்டே வந்தது.

பின்னால் ஏதோ களகளவென்றது.

விரலை எடுத்தாள். திரும்பினாள். வாண்டு பெஞ்சில் சரிந்து கிடந்தாள். வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"உப்பு... உப்பும்மா."

ஐயோ! மணியைத் தண்ணீரிலிருந்து வாரி எடுத்து, எங்கே வைத்தோம் என்றுகூடப் பாராமல் ஓடினாள். குழந்தையைத் தூக்கி நிமிர்த்தி முதுகைத் தட்டினாள். மூச்சு வந்தது. நல்லவேளை, மூச்சு வந்தது.

பின்னால் மேஜை மீது தட்டு உரசியது.

கை. பதினெட்டு வருஷப் பழக்கம். மணியைத் தட்டில்தான் வைத்திருந்தது.

"அண்ணே! வேண்டாம்ணே! அண்ணே!"

கதவை இடித்தாள். உள்தாழ். திறப்பில் தோள்வரை கையை விட்டாள். எட்டவில்லை. குனிந்த முதுகு தெரிந்தது. காதில் பஞ்சு. மெஷின் உறுமியது.

"முதல் தரம்தாம்மா," என்று திரும்பாமலே உரக்கச் சொன்னார் துளைக்காரர். "என்னமா இறங்குது பாரு!"

"அம்மா." வாண்டின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நெற்றியில் விரலை வைத்திருந்தாள். "இங்க குறுகுறுங்குது."

விரலை எடுத்தாள்.

நெற்றி நடுவில் ஒரு சின்ன வட்டம். அதிலிருந்து மஞ்சள் பொடி. மூக்கின் மேல், மடியின் மேல், பாதி வரைந்த படத்தின் மேல், மெல்லிசாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. இப்போதுதான் அறை முழுக்கப் பிசின் வாசனை வந்தது.