தோளில் வைத்த மாவு

திலாவரின் வலது தோளில் இருந்த பனி மட்டும் உருகவில்லை.

அடுப்பைப் பற்றவைத்து வெகுநேரமாகியிருந்தது. குல்லாயில் ஒட்டியிருந்த பனி, புருவத்தில் பூத்திருந்த பனி, பூட்ஸின் இடுக்குகளில் இறுகிக் கிடந்த பனி எல்லாம் கரைந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்க, ஈரக் கம்பளியும் மண்ணெண்ணெய்ப் புகையும் சேர்ந்த வாடை அந்தக் கல் மறைப்புக்குள் கனத்துத் தொங்கியது. வெளியே காற்று, கட்டிப்போட்ட மாடு கொம்பால் சுவரை உரசுவதுபோல ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது. தோளில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, அந்த வெள்ளை அப்படியே இருந்தது.

கூட வந்த யார்பேக் கையுறையைக் கழற்றி விரலால் தொட்டான். குளிரவில்லை. ஈரமும் இல்லை. மூக்கருகே கொண்டுபோனான். புதிதாக அரைத்த கோதுமை மாவின் வாசனை.

பயப்படாதீர்கள், இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை. தூரம் போய்த் திரும்புகிறவனுக்கும் வீடு தேடி வருகிற விருந்தாளிக்கும் வாசலில் வைத்தே வலது தோளில் மாவு வைப்பது ஆப்கான் மலை மூலையில் இருக்கும் எங்கள் வாகான் பள்ளத்தாக்கின் வழக்கம்தான். வீட்டுக்காரர் கையால் மாவு பட்டுவிட்டால் நீ அந்த வீட்டு ஆள். அவர் "போய் வா" என்று சொல்லாமல் எழுந்து போவது மரியாதையில்லை. ஆனால் மாவு மூட்டை அடிவார முகாமில் அல்லவா இருந்தது? முகாம் வெகு கீழே கிடந்தது.

காலையிலேயே ஏற்றம் பாதியில் நின்றுபோய்விட்டது. கூட்டிவந்த வெளிநாட்டுக்காரர் கால்விரல் கறுத்து முன்பே இறங்கிவிட்டார். கயிறு கட்ட மேலே நின்ற இவர்கள் இருவருக்கும், முகாம் சமையல்காரர் கதம்ஷோவின் குரல் வாக்கி-டாக்கியின் கரகரப்பில் வந்தது.

"யார்பேக், ஏறினது போதும்ப்பா. துப்பாக்கிக்காரனுங்க கீழ ரோட்டைப் பிடிச்சுட்டானுங்க. காபூல்ல யார் ராஜான்னே தெரியல. நான் இந்த மனுஷனைக் கழுதை மேல ஏத்தி மேல் கணவாய் வழியா கூட்டிட்டுப் போறேன். நீங்க நேரா வீட்டுக்கு இறங்கிடுங்க."

"உச்சி கண்ணுக்குத் தெரியுது சாச்சா," என்றான் திலாவர்.

"அது எங்கயும் ஓடிடாது. உன் பொண்டாட்டி நிறைவயிறா நிக்கறா. ஓடு."

திலாவரின் மனைவி நிகீனா, யார்பேக்கின் தங்கை. கிளம்பும்போது அவள் அண்ணனிடம்தான் சொன்னாள்: "ரெண்டு பேரா போறீங்க, ரெண்டு பேரா வாங்க. தனியா வந்தீங்கன்னா அண்ணன்னு பாக்க மாட்டேன், கதவைத் திறக்க மாட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவன் கையை விடவில்லை.

இறங்கும் வழியில் காற்று எழுந்து, வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டது. தட்டுத் தடுமாறி வந்தபோதுதான் பாறைக் குடைவில் கல் அடுக்கி, மேலே கித்தான் போட்ட இந்த மறைப்பு தென்பட்டது. சண்டை வந்து மலைகளை அடைப்பதற்கு முன்னால் ஏறவந்த எந்தக் கூட்டத்தாரோ கட்டியது. யார்பேக் நேரே நுழையப் போனான். திலாவர் தடுத்தான். கையுறையைக் கழற்றி, நெஞ்சில் கைவைத்து, வாசலில் நின்று குரல் கொடுத்தான்.

"சலாம்! வீட்டுல யாரு? உள்ள வரலாமா?"

"யாருடா இருப்பா? கரடியா சம்சாரம் பண்ணுது இங்க?"

"இருக்கட்டும் மச்சான். யார் வீடோ. கேக்காம நுழையக் கூடாது."

உள்ளே ஒருவர் இருந்தார்.

தூக்கப் பையை மார்புவரை இழுத்துக்கொண்டு, தலைமூடியைப் போட்டுக்கொண்டு, முகத்தைக் கல் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த நிலையிலேயே தலை மேலே போட்ட கித்தானைத் தொடும் அளவுக்கு உயரமான மனிதர். செத்து எத்தனை காலமோ. முழங்கால்மேல் கிடந்த கை விறகுபோலக் காய்ந்திருந்தது, விரல்நுனிகளில் வெள்ளை. உறைபனி என்றுதான் யார்பேக் நினைத்தான்.

வெளியே போக வழியில்லை. போனால் சாவு. திலாவர் அவருக்கு ஒரு சலாம் வைத்து, விருந்தாளி உட்காரும் தாழ்ந்த பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தான்.

இப்போது யார்பேக் அந்தக் கையைத் திரும்பப் பார்த்தான். அடுப்புச் சூட்டில் சுவரெல்லாம் வியர்த்திருந்தது. விரல்நுனி வெள்ளை உருகவில்லை.

"மாப்பிள்ளை. உன் தோள்ல யாரு கை வெச்சது?"

"நீங்கதான வெச்சீங்க? நுழையும்போது."

யார்பேக் அவனைத் தொடவே இல்லை. அவன் நுழைந்தது திலாவருக்குப் பின்னால்.

கண்ணை மூடக் கூடாது என்று உட்கார்ந்திருந்த யார்பேக் எப்போது அயர்ந்தானோ. விழித்தபோது காற்று நின்றிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. கித்தான் வழியாகப் பால்போல வெளிச்சம். நெய்யில் வறுபட்ட மாவின் வாசனை மறைப்பு முழுவதும் நிறைந்திருந்தது, கல்யாண வீட்டுச் சமையலறைபோல.

பெரியவரின் முகம் சுவர்ப்பக்கம் இல்லை. பாதி திரும்பியிருந்தது. கழுத்தோரம் உறைந்த துணியில் புதிதாக ஒரு வெடிப்பு.

"எழுந்திரு மாப்பிள்ளை. போகலாம்."

"சொல்லிட்டுப் போகணும் மச்சான்."

"யார்கிட்ட?"

திலாவர் வெட்கத்தோடு சிரித்தான். "இருன்னு சொல்றார். இவ்வளவு காலம் கழிச்சு வந்த விருந்தாளியாம். உடனே விட மனசு வரலையாம்."

"செத்தவன்டா அது!"

"மெதுவா பேசுங்க. மனசு நோகும்."

யார்பேக் கயிற்றை உருவினான். அதைத் திலாவரின் இடுப்பில் சுற்றி, முடிச்சிட்டு, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டி, இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். திலாவர் முரண்டு பிடிக்கவில்லை. வந்தான். ஆனால் பின்பக்கமாக. பெரியவர்களுக்கு முதுகு காட்டாமல் விடைபெறுகிறவன்போல, முகத்தை அந்த வாசலுக்கே வைத்து, ஓரடி ஓரடியாகச் சரிவில் பின்னால் நடந்து வந்தான்.

"திரும்பி நட! விழுந்துடுவ!"

"இன்னும் வாசல்ல நிக்கறார் மச்சான்."

யார்பேக் மேலே பார்க்கவில்லை. கீழே பார்த்தான். கீழே மட்டும்.

மேகம் மறுபடி மூடியது. கயிறு விறைப்பாகவே இருந்தது. பின்னால் பனி நொறுங்கும் சத்தம். ஒரு காலடி. இன்னொன்று. அப்புறம், கொஞ்சம் தள்ளி, கனமாக, இன்னொன்று.

பனியாறு சமதரையாகும் இடத்தில் கயிறு தளர்ந்தது.

திரும்பினான். கயிற்றின் முனையில் வளையம் கிடந்தது. இடுப்பளவு வளையம். முடிச்சு அவிழவில்லை. அறுபடவில்லை. போட்டது போட்டபடி.

கத்தினான். மலை திருப்பிக் கத்தியது. அந்திவரை மேலே ஏறித் தேடினான். சரிவில் விழுந்த தடமில்லை. அந்தக் கல் மறைப்பும் இல்லை. எந்தக் குடைவும் இல்லை.

அடிவார முகாம் கலைந்து கிடந்தது. அவன் நிற்காமல் நடந்தான். ஆற்றோர ஈரமணலில் நின்று, வந்த வழியை ஒருமுறை பார்த்தான். ஒரே ஒருவனின் காலடிகள். அவனுடையவை. அங்கேயே உட்கார்ந்து அழுதான். தங்கைக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையை வாய்க்குள் உருட்டிப் பார்த்தான். எந்த வார்த்தையும் நிற்கவில்லை.

தொங்குபாலத்தில் புதிய துப்பாக்கிக்காரர்கள். தாடி முளைக்காத ஒருவன் கேட்டான்:

"எங்கருந்து வர்றீங்க?"

"மலையிலருந்து."

"மலைல என்ன கிடைச்சது?"

"ஒண்ணுமில்ல."

"அதுக்கா போனீங்க? பைத்தியக்காரனுங்களா. போங்க, போங்க."

யார்பேக் பாலத்தைக் கடந்தான். இறங்கியபிறகும் பலகைகள் அதிர்ந்துகொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தான். காவலாள் வீசிய கையை இறக்கவில்லை. காலிப் பாலத்தைப் பார்த்து மறுபடி வீசினான். "ம், நீயும் போ." தலையை அண்ணாந்து, மறுபடி. "போ, பெரியவரே."

ஓடினான். வீடுவரை ஓடினான்.

கதவு திறந்தே இருந்தது. நிகீனா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறுகையில் மாவுக் கிண்ணத்தோடு வந்தாள். அவன் வாயைத் திறந்தான். அவள் விரலை மாவில் தோய்த்து அவன் தோளில் வைத்தாள்.

"வந்துட்டீங்களா அண்ணா. சொன்னபடியே வந்துட்டீங்க."

அவள் பார்வை அவனைத் தாண்டியது. முகம் மலர்ந்தது.

"ஏன் அங்கேயே நிக்கறீங்க? இப்படியா இளைச்சுப் போவீங்க?"

கையை நீட்டினாள். யார்பேக்கின் பக்கத்தில் வெறும் காற்று. அதில் மாவை வைத்தாள்.

மாவு கீழே விழவில்லை.

திலாவரின் தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு வெள்ளை. நின்றது.

"நிகீனா, வேணாம்."

அவள் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, விரலை மறுபடி தோய்த்தாள்.

"இவர் யாரு அண்ணா? விருந்தாளி வர்றார்னு சொல்லவே இல்லையே."

எக்கினாள். கால்விரல்களில் நின்று, கையை மேலே, இன்னும் மேலே உயர்த்தினாள். வைத்தாள்.

அதுவும் விழவில்லை.

"உள்ள வாங்க," என்று அவள் விலகி வழிவிட்டாள். "எல்லாரும் உள்ள வாங்க."

குனிந்து நுழைய வேண்டிய வாசல் அது. முதல் வெள்ளை தாழ்ந்தது, உள்ளே போனது. இரண்டாவது, இன்னும் நன்றாகத் தாழ்ந்தது.