மூன்று டன் பாலம்

கேலம் காணாமல் போய் முப்பத்தொரு மணி நேரம் கழித்து, அவன் மனைவி ப்ரையனி அவனுடைய மின்சார வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, ஓட்டுநர் இருக்கை தானாகப் பின்னால் நகர்ந்தது.

அவள் குட்டை. கேலமுக்குத்தான் நீளமான கால்கள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். வண்டி வெளிக்கதவைத் தாண்டுவதற்குள் அது மறுபடியும், அவசரமில்லாமல், பின்னால் போனது.

"விளக்குக்கு கரண்ட் பத்தல, ப்ரீ," என்று கேலமின் தம்பி டெஸ் போனில் சொல்லியிருந்தான். ஆற்றின் அக்கரையில் அவனும் மீட்புக் குழுவும் விடிந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். "அண்ணன் வண்டிய எடுத்துட்டு வா. அதுலேர்ந்து வயர் இழுத்துக்கலாம்."

"உயிரோட இருப்பான்ல?"

"ஏதாவது மரத்துல தொத்திக்கிட்டு நம்மளத் திட்டிட்டு இருப்பான். நீ வா."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கிளம்பினாள்.

கிப்ஸ்லாந்துப் பகுதியில் குளிர்காலம்; ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வெள்ளம் வடிந்த மேய்ச்சல் நிலங்களிலிருந்து அழுகிய புல்லும் செத்த ஆடும் கலந்த வாடை மூடிய கண்ணாடியைத் தாண்டி வந்தது. எஞ்சின் சத்தமே இல்லாத வண்டியாதலால், சக்கரம் சேற்றை நக்குவதும், பின்னால் கருவிப்பெட்டி முனகுவதும், சூடுகாற்று யாரோ மூக்கால் மூச்சு விடுவதுபோல விட்டுவிட்டு வருவதும் தனித்தனியாகக் கேட்டன.

மரப்பாலத்தின் முகப்பில் வண்டி தானே நின்றது. பாலம் மூன்று டன்தான் தாங்கும். ஆளில்லாத வண்டியே அதற்கு ஐம்பது கிலோதான் குறைவு. எடை கூடினால் அது பாலத்தில் ஏறாது. அதனால் வண்டியில் வருபவர்கள் இங்கே இறங்கி முன்னால் நடப்பார்கள். போனில் கூப்பிட்டால், வண்டி பத்தடி விட்டு, பழக்கிய நாய் மாதிரி பின்னால் வரும்.

"இத வாங்குனதுலேர்ந்து நடக்குறதுதான் ஜாஸ்தி," என்பான் கேலம். அவன் உட்கார்ந்தால் வண்டியின் திரை 3044 கிலோ காட்டும். "அந்த நாப்பத்தி நாலும் பியரு," என்று வயிற்றைத் தட்டிக்கொள்வான்.

நேற்றும் இறங்கி நடந்திருக்கிறான். பலகை வழுக்கி ஆற்றில் விழுந்திருப்பான் என்றார்கள். வண்டி மட்டும் வீடு வந்து, கொட்டகையில் தன் இடத்தில் நின்றது.

ப்ரையனி இறங்கிக் கதவைச் சாத்தினாள். வண்டியின் எடை அவள் போனில் வந்தது.

3044.

சேறாக இருக்கும். அடியில் ஒட்டிய சேறு.

எப்படியும் இந்த எடையில் அது நகராது. டெஸ்ஸைக் கூட்டி வரலாம் என்று நடந்தாள். ஒரு வண்டி அகலமே உள்ள பாலம். காலுக்கடியில் பலகைகள் ஈரமாக அமுங்கின. கீழே, ஆறு எதையோ மென்றுகொண்டிருந்தது.

நடுப்பாலத்தில் போன் அடித்தது.

"ப்ரீ." டெஸ்ஸின் குரல் தேய்ந்திருந்தது. "கண்டுபிடிச்சிட்டோம்."

"பேசுறானா?"

பின்னால் ஒரு பலகை முனகியது. பிறகு அடுத்தது. அவளுடைய நிழல் அவளுக்கு முன்னால் நீண்டது.

"டெஸ், வண்டி நான் கூப்பிடாமலே வருது."

"நீ எங்க இருக்க?"

"பாலத்துல. வழுக்கித்தான விழுந்தான்? சொல்லு."

திரும்பிப் பார்த்தாள். விளக்குகளுக்கு மேலே, கண்ணாடிக்குள், ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. காலி. ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது. தொய்யவில்லை. ஒரு வயிற்றைச் சுற்றிப் போவதுபோல் முன்னால் புடைத்திருந்தது.

அவள் நின்றாள். ஆள் நின்றால் வண்டியும் நிற்கும்.

பத்தடி.

எட்டு.

"டெஸ்."

ஐந்து.

"அவன் தண்ணில சாகல, ப்ரீ," என்றான் டெஸ். "நெஞ்சு மேல டயர் தடம் இருக்கு. முன்னால நடந்து போனவன் மேல அந்த வண்டி நிக்காம ஏறியிருக்கு."