தெற்கே தலை வைத்த வரைபடம்

காலை ஏழரை மணி. செயல்பாட்டு அறையின் பூட்டைத் திறந்த அன்புச்செல்வி, செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே போனாள். தரையில் விரித்திருந்த துணி வரைபடத்தில், நடுவே இருந்த பாலத்துக்கு வலப்புறம், கீழ்ப்பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. ஓரங்கள் பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய கத்தரிக்கோல் அலமாரியில் தன் இடத்தில் சமர்த்தாகப் படுத்திருந்தது. வெட்டிய துண்டைக் காணவில்லை.

நந்தனத்தில், அடையாற்றின் வடகரையை ஒட்டி இருந்தது மணிவிளக்குப் பள்ளி. அதே நிர்வாகத்துக்கு மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் ஒவ்வொரு பள்ளி உண்டு. மூன்றுக்கும் பொதுவாக ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலுக்குப் புதிய பாடத்திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. அன்று பிற்பகல் நிர்வாகக் குழு வந்து இந்த வரைபடத்தைப் பார்க்கும். பிடித்துப்போனால் அன்புச்செல்வி எழுதிய ‘நம் ஆறு’ பாடத்திட்டத்தின் முதல் பாடமாகும். பிடிக்காவிட்டால், சக ஆசிரியன் ஸ்ரீநாத் எழுதிய ‘அரசர்களும் வரிகளும்’ அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அவளுடைய மாணவர்கள் இரு கரைகளிலும் வீடு வீடாக ஏறி இறங்கித் தைத்த படம் அது. குடியிருந்தவர்கள் கொடுத்த பழந்துணித் துண்டுகளே வீடுகள். முன்பு ஆற்றுக்கு வழி இருந்து இப்போது அடைபட்டுப்போன இடமெல்லாம் சிவப்பு நூல். படத்தில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. திசைகளைத் தாமே கண்டுபிடிப்பதுதான் பாடத்தின் முதல் பயிற்சி. பிள்ளைகள் பள்ளி மாடியில் ஆற்றைப் பார்த்து நின்று வரைந்தார்கள். எதிரே தெற்கு இருந்தது. ஆகவே படத்தில் தெற்கு மேலே ஏறிக்கொண்டது.

வெட்டுப்பட்டது வடகரையில், பாலத்துக்கு மேற்கே இருந்த பகுதி. அங்கே இருந்த குடிசைகளை ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்து, குடும்பங்களை நகரத்தின் வெளி விளிம்புக்கு அனுப்பியிருந்தார்கள். அன்புச்செல்வி பிறந்தது அங்கேதான். இடிக்கும் இயந்திரம் வந்த நாளில் அவள் தாய் முனியம்மாள் உடுத்தியிருந்த பச்சைச் சேலையின் ஒரு துண்டு அந்தப் படத்தில் வீடாக இருந்தது. கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தாள். “கிஸ்ச்சிக்கோ. ஆனா தொலச்சிடாத, அதான் நம்ம வூடு” என்று சொல்லியிருந்தாள்.

அன்புச்செல்வி அழவில்லை. அவளுக்குள் ஒரு பெயர் மட்டும் கொதித்தது: ஸ்ரீநாத்.

காரணம் இருந்தது. போன வாரப் பாடத்திட்டக் கூட்டத்தில், தெற்கை மேலே வைத்த படம் பிள்ளைகளைக் குழப்பும் என்று தொண்டை வற்றும்வரை வாதாடியவன் அவன்தான். “நம்ம பசங்க பரீட்சை ஹால்லயும் தலைகீழாத்தான் நிப்பாங்க, அன்பு மிஸ்” என்று கேலியும் செய்தான். அந்தச் சண்டை ஓய்ந்து, போண்டாத் தட்டுகள் வந்த நேரத்தில்தான் பாடத்திட்டக் குழுத் தலைவி விசாலாக்ஷி வந்து சேர்ந்தார். முப்பது ஆண்டுகள் பூகோளப் புத்தகம் எழுதிய கை அவருடையது. எல்லாவற்றையும் வீட்டிலேயே படித்தாயிற்று என்று சொல்லி, ஒரு போண்டாவைப் பிட்டுக்கொண்டே கையெழுத்திட்டார்.

முந்தைய மாலை பள்ளியில் தங்கியவர்கள் மூவர்: ஸ்ரீநாத், விசாலாக்ஷி, காவலாளி டில்லிபாபு. சாவி அலுவலகச் சுவரில் ஆணியில் தொங்கும், யாரும் எடுக்கலாம். வெளியாள் ஒருவரும் வரவில்லை என்று டில்லிபாபு சத்தியம் செய்தான். அவனும் அதே ஆற்றோரத்தில் வளர்ந்தவன். அவன் வீட்டுத் துணியும் வெட்டுப்பட்ட துண்டோடு போயிருந்தது.

விசாலாக்ஷி வந்து, ஓட்டையைப் பார்த்து, அவள் தோளில் கை வைத்தார். “மனசைத் தேத்திக்கோ. இதை வெச்சுண்டு கமிட்டிக்கு முன்னாடி எப்படி நிப்பே? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருஷம் என்ற சொல் அவள் காதில் ஏறவில்லை. பிற்பகலில் எல்லோர் முன்னிலையிலும் ஸ்ரீநாத்தின் பெயரைச் சொல்லி, அவன் வேலையையும் மானத்தையும் ஒன்றாகக் கிழிப்பது என்று முடிவு செய்திருந்தாள். அதற்கு ஒரு சாட்சி வேண்டும். தேர்வுக் கண்காணிப்பாளர் ஷம்ஷாத்திடம் போனாள். காப்பியடிக்கும் பிள்ளையைக் கழுத்தின் சாய்வை வைத்தே பிடித்துவிடுவார் என்று பெயரெடுத்தவர் அவர்.

ஷம்ஷாத் வந்து வரைபடத்தைச் சுற்றி மெதுவாக நடந்தார்.

“படத்தால யாருக்காவது கோவம் வந்துச்சா? வெளியில?”

ஒரு சம்பவம் இருந்தது. தென்கரையில், பாலத்துக்குக் கிழக்கே, ஆற்றுக்கு இறங்கும் ஒரு சந்தினைப் புதுச் சுவர் ஒன்று விழுங்கியிருந்தது. குடிசைகள் இடிபடுவதற்கு முன் ஒரு வெள்ளத்தன்று தண்ணீர் வடிய வழியில்லாமல் எதிர்க்கரைக் குடிசைகளுக்குள் திரும்பியது என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். பிள்ளைகள் அந்த வீட்டு வாயிலில் நின்று கேட்டபோது, உள்ளேயிருந்து ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். பிள்ளைகள் திரும்பி வந்து அந்த இடத்தில் சிவப்பு நூலை இரட்டையாகத் தைத்தார்கள்.

“யார் வீடு?”

“தெரியாது மேடம். ஆனா அது முழுசா கீது. போனது எங்க எடந்தான்.” கோபத்தில் அவளுடைய பேச்சு பழைய தெருவுக்கே போய்விட்டிருந்தது.

“அதுதான் எனக்கும் இடிக்குது” என்றார் ஷம்ஷாத்.

முந்தைய மாலை தங்கிய மூவரையும் ஒவ்வொருவராக அழைத்தார். எல்லோருக்கும் ஒரே கேள்வி: தினமும் பள்ளிக்கு வரும் வழியை இந்தப் படத்தில் காட்டுங்கள். அன்புச்செல்வி ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

டில்லிபாபு ஈக்காட்டுத்தாங்கலில் குடியிருந்தான். மேற்கிலிருந்து வருபவன், வலது ஓரத்திலிருந்து கீழ்க்கரை வழியாக விரலை ஓட்டினான். ஓட்டைக்கு அருகே விரல் நின்றது. “இத்தாண்டி போவ மனசு வரலம்மா” என்றான்.

ஸ்ரீநாத் குனிந்து, படத்தின் கீழ் விளிம்பைத் தொட்டான். “என் வீடு இதுக்கும் கீழ, தி.நகர்ல. இந்தத் தலைகீழ் மேப்புல நான் பாதாளத்துலேர்ந்து ஏறி வரேன், மேடம். பள்ளிக்கூடம் வந்ததும் நின்னுடறேன். ஆத்துப் பக்கமே வரதில்ல.” அன்புச்செல்வியின் பக்கம் திரும்பாமலே சேர்த்துச் சொன்னான்: “சண்டை போட்டேன். வெட்டலை.”

விசாலாக்ஷியின் வீடு கோட்டூர்புரத்தில். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனா முனையை ஓட்டையின் விளிம்பில் வைத்தார். அங்கிருந்து மேலே, பாலத்தைத் தாண்டி, மேல்கரைக்குக் கொண்டுபோனார். “இதோ, இப்படித்தான். எங்காத்துலேர்ந்து கிளம்பினா பாலம், பாலம் தாண்டினா ஸ்கூல்.”

“ரொம்ப நன்றி மேடம்” என்றார் ஷம்ஷாத். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மதிய உணவு மணி அடித்து ஓய்ந்ததும் அன்புச்செல்வி, ஸ்ரீநாத், விசாலாக்ஷி மூவரையும் அதே அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். அன்புச்செல்வி ஸ்ரீநாத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கதை சொல்றேன்” என்று தொடங்கினார் ஷம்ஷாத். “ஒரு மரத்துல மேல் கிளையில கிளி கூடு, கீழ்க் கிளையில அணில் கூடு. கிளி மேல ஒரு வௌவாலுக்குக் கோவம். மேல இருக்கற கூட்டைக் கலைச்சுடணும்னு வந்துச்சு. பொறந்ததுலேர்ந்து தலைகீழாத் தொங்கிப் பாத்தே பழக்கம் அதுக்கு. கலைச்சது அணில் கூட்டை. விடிஞ்சதும் காடே கூடி, அணிலுக்கு யார் எதிரின்னு தேடுச்சு. அணிலுக்கு எதிரியே கிடையாது.”

ஷம்ஷாத் குனிந்து ஓட்டையின் ஓரத்தில் விரலை வைத்தார்.

“காலையிலேர்ந்து நாமளும் அதைத்தான் பண்றோம். போனது குடிசை இருந்த இடம். அப்ப குடிசைக்காரங்களைப் பிடிக்காதவங்க யாருன்னு தேடறோம். வெட்டினவங்களுக்கு அந்தக் குடிசை நினைப்பே இல்ல. வடக்கு மேலேன்னு நினைச்சுக்கிட்டு இந்தப் படத்தைப் பாத்தா, வலது கீழ் மூலை எது? தென்கரை, பாலத்துக்குக் கிழக்கே. இரட்டைச் சிவப்பு நூல் போட்ட சுவர். அவங்க வெட்ட வந்தது அதை. பல வருஷப் பழக்கம் கையைத் தப்பான மூலைக்குக் கொண்டுபோயிடுச்சு.”

ஸ்ரீநாத் மெல்ல நிமிர்ந்தான். தெற்கு மேலே இருப்பது பற்றி அவ்வளவு கத்தியவன் அந்தத் தவற்றைச் செய்திருக்க முடியாது என்பது அன்புச்செல்விக்கு அப்போது உறைத்தது. கன்னத்தில் யாரோ அறைந்தது போலிருந்தது.

“டில்லிபாபுவும் விரலைச் சரியான கரையிலதான் ஓட்டினார். கூட்டத்துக்கு வந்தும் அந்தச் சண்டையைக் கேக்காதவங்க ஒருத்தர்தான்” என்று ஷம்ஷாத் திரும்பினார். “விசாலாக்ஷி மேடம், உங்க வீட்டுலேர்ந்து கிளம்பறப்ப பேனாவை எங்க வெச்சீங்க? ஓட்டை ஓரத்துல. அப்ப உங்க கணக்குப்படி வெட்டுப்பட்டது உங்க வீடு. சொந்த வீட்டையே படத்துலேர்ந்து யாரோ வெட்டி எடுத்துட்டாங்கன்னு நினைக்கறவங்க, காலையிலேர்ந்து அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே, ஏன்?”

விசாலாக்ஷியின் பேனா மூடி கை நழுவித் தரையில் உருண்டது.

“போன வருஷக் கொலுவுக்கு வந்தப்ப உங்க தோட்டத்துல உக்காந்து சுண்டல் சாப்பிட்டேன் மேடம். அந்தத் தோட்டம் முன்னாடி ஒரு சந்து.”

விசாலாக்ஷி குனிந்து மூடியை எடுத்துக்கொண்டே பேசினார். சுவரை எழுப்பியது மகன் என்றார். வேண்டாம் என்று தானும் சொல்லவில்லை என்றார். நேற்று மாலைதான் படத்தை முதன்முறையாகப் பார்த்திருக்கிறார். பிறகு குரல் கூர்மையானது. “என் புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டு இவளோட கந்தல் துணியை வெச்சுக்கறேள். அதையாவது பொறுத்துக்கலாம். வருஷா வருஷம் மூணு ஸ்கூல் கொழந்தைகளும் எங்காத்து வாசல்ல வந்து நின்னுண்டு கேள்வி கேக்கணுமா?”

“அந்தத் துண்டு எங்க?” என்று கேட்டாள் அன்புச்செல்வி.

“போறச்சே பாலத்துலேர்ந்து கீழே போட்டுட்டேன்.”

அந்தப் பச்சைத் துணி ஆற்றின் கறுப்பு நீரில் நனைந்து கனத்து மூழ்குவதை அன்புச்செல்வி மனக்கண்ணில் கண்டாள். காலையிலிருந்து அவளுக்குள் கொதித்தது இப்போது ஆறி, உறைந்து, கத்தியைப் போல ஒரு வடிவத்துக்கு வந்திருந்தது.

போலீஸுக்குச் சொல்வதா, குழுவுக்குச் சொல்வதா என்று ஷம்ஷாத் அவளைக் கேட்டார். விசாலாக்ஷி கைகூப்பினார். “என் பேர் மட்டும் வெளியில வர வேண்டாம்.”

“வராது மேடம்” என்றாள் அன்புச்செல்வி. “உங்க பேரு எனக்குத் தேவையே இல்ல. படத்தை இப்படியே வெப்போம், ஓட்டையோட. தைக்க மாட்டேன். பாடத்துக்கு ரெண்டு பயிற்சி சேக்கறேன். ஒண்ணு, இந்தப் படத்துல வெட்டுப்பட்ட இடம் எது, அங்க யார் இருந்தாங்க. ரெண்டு, வெட்டினவங்க வடக்கு மேலேன்னு நினைச்சிருந்தா, அவங்க மறைக்கப் பாத்த இடம் எது. நேர்ல போய்ப் பாத்து எழுது. தலைவி நீங்கதான். கமிட்டிகிட்ட இதை நீங்களே எடுத்துச் சொல்லி, முதல் பாடமா வைக்கச் சொல்லணும்.”

“அதுக்கு நீ என்னைப் போலீஸ்லயே குடுத்துடலாம்.”

“அது ஒரு நாளோட முடிஞ்சிடும் மேடம்.”

ஸ்ரீநாத் தன் பாடத்தின் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தான். அன்புச்செல்வி அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். “முதல்ல வடக்கு எதுன்னு எனக்கு ஒழுங்கா சொல்லிக் குடுங்க, மிஸ்” என்று அவன் எழுந்து கதவைத் திறந்தான்.

பிற்பகல் நிர்வாகக் குழு வந்தது. விசாலாக்ஷி எழுந்து நின்று, தழுதழுக்காத குரலில், ஓட்டை விழுந்த அந்தப் படத்தின் சிறப்பை விளக்கினார். இதைவிட நல்ல தொடக்கம் பாடத்திட்டத்துக்கு அமையாது என்று குழுவினர் பாராட்டினார்கள். முன்மொழிபவர் என்ற இடத்தில் அவரே கையெழுத்திட்டார். இம்முறை போண்டாவைத் தொடவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல் வாரமே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாலத்தின் மேல் வரிசையாக நின்றார்கள். நால்வர் பிடித்திருந்த துணிப் படம் தெற்கே தலை வைத்துக் காற்றில் படபடத்தது. ஓட்டையின் வழியே ஆறு தெரிந்தது. மஹதி என்ற சிறுமி படத்தை மனத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, அக்கரையில் நீண்டிருந்த வெள்ளைச் சுவரைக் கை காட்டினாள். மாடியில் ஒரு திரைச்சீலை இழுபட்டு மூடிக்கொண்டது.

மறுவாரம் மயிலாப்பூர்ப் பள்ளி வரும். அதற்கடுத்த வாரம் தியாகராய நகர். அடுத்த ஆண்டும் ஜூன் வரும்.

“மிஸ், அந்தச் சுவத்தை எப்பக் கட்டினாங்க?”

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள் அன்புச்செல்வி. “போய் மணி அடிச்சுக் கேட்டுட்டு வா.”