பாவுக்கு இரண்டு முனை

காவ்யாவின் அப்பா தனசேகரன் பட்டுப் பாவைத் தோளில் சுமந்துகொண்டு தெருவில் நின்றார். அதன் ஒரு முனையைக் கட்ட இடம் கிடைத்துவிட்டது. இன்னொரு முனையைக் கட்டத்தான் இடம் இல்லை.

பாவு என்பது புடவையின் நீளத்துக்கு ஓடும் இழைகள். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் நீட்டி இழுத்துக் கட்ட வேண்டும். கஞ்சி தடவிக் காயவிட வேண்டும். அறுந்த இழைகளைத் தேடி முடிச்சுப் போட வேண்டும்.

ஆரணியில் அந்த மேட்டுத் தெருவில் இதற்கென்றே இரண்டு மரக்கம்பங்கள் இருந்தன. மேல்கோடியில் ஒன்று, கீழ்கோடியில் ஒன்று. யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் காலையில் தெருவே வந்து கை கொடுக்கும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம் நகராட்சித் தேர்தல் வந்தது. எல்லாம் மாறிப்போனது.

வார்டு கவுன்சிலர் பதவிக்கு அந்தத் தெருவிலிருந்தே இரண்டு பேர் நின்றார்கள். ஜெயச்சந்திரன் மணிச் சின்னத்தில் நின்றார். சடையப்பன் குடைச் சின்னத்தில் நின்றார். மணிக் கட்சிக்காரர்கள் மேல்கோடி மரக்கம்பத்தைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் இரும்புக் கொடிக்கம்பம் நட்டார்கள். குழி தோண்டும் வேலை மிச்சம்! மறுநாள் கீழ்கோடியில் குடைக் கட்சிக்காரர்களும் அதையே செய்தார்கள்.

அதற்குப் பிறகு டீக்கடையில் மணிக்கு ஒரு பெஞ்சு, குடைக்கு ஒரு பெஞ்சு என்று ஆனது. ஜெயச்சந்திரனின் மகள் சுகன்யா, காவ்யாவோடு ஒரே வகுப்பில் படிப்பவள். அவளும் இப்போது பாண்டி ஆட வருவதில்லை.

"உங்க வீட்டுல மணிக் கொடி இல்லியாம். சேரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க," என்றாள்.

"எங்க வீட்டுல குடைக் கொடியும் இல்லியே!" என்றாள் காவ்யா.

"அதான் யாருக்கும் புரியல," என்று சொல்லிவிட்டு சுகன்யா சோகமாகப் போய்விட்டாள்.

அப்பாவின் தறி நான்கு நாளாகச் சும்மா கிடந்தது. தீபாவளிக்கு முன்னால் வந்தவாசிக்கு ஒரு புடவை நெய்து அனுப்பியாக வேண்டும். பக்கத்துத் தெருவிலும் இடம் கிடைக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா முதலில் ஜெயச்சந்திரனிடம் போய்க் கேட்டார்.

"எங்க கம்பத்துல தாராளமா கட்டிக்கோ தனசேகரா. ஆனா அந்தக் குடைக் கம்பத்துல மட்டும் கட்டாத," என்றார் அவர்.

"அண்ணே, பாவுக்கு ரெண்டு முனை இருக்குதே!"

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

அடுத்து சடையப்பனிடம் போனார்.

"அங்க கட்டினதை இங்கயும் கட்டினா எங்க ஆளுங்க என்னை இன்னா நினைப்பாங்க மச்சான்?" என்று அவர் கையை விரித்தார்.

அப்பா வேறு வழியில்லாமல் ஒரு முனையை மணிக் கம்பத்தில் கட்டினார். மறுமுனைக் கயிற்றை அவரும் அம்மா கற்பகமும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பாவு கனத்தது. கயிறு கையிலிருந்து நழுவி நழுவி ஓடியது.

வாசல்தோறும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டுப் பாஞ்சாலை அக்கா இரண்டு அடி எடுத்து வைத்தார். பிறகு தன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் கஞ்சிகூடத் தடவல. ஒரே பேஜாரா போச்சி," என்று அப்பா முணுமுணுத்தார்.

அம்மா ஒரு நொடி கையை மாற்றிப் பிடித்தார். அந்த உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருந்ததைக் காவ்யா பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கயிறு நிற்குமா? நேராகக் குடைக் கம்பத்தடிக்குப் போனாள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து சடையப்பன் நோட்டீஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்களை ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு கண்ணு. உனக்குத்தான் இன்னும் ஓட்டே இல்லியே!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நீங்க ஜெயிச்சா யாருக்கு மாமா கவுன்சிலர்?"

"இந்த வார்டுக்குத்தான்."

"எங்க வீட்டுக்குமா?"

"ஆமா, உங்க வீட்டுக்கும்தான்."

"சுகன்யா வீட்டுக்கு?"

சடையப்பன் தெருவின் மேல்கோடியைப் பார்த்தார். அங்கே ஜெயச்சந்திரன் கையைக் கட்டிக்கொண்டு இதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கும்தான். கவுன்சிலர்னா எல்லாருக்கும்தானே?" என்றார் மெதுவாக.

"அப்ப இன்னும் பத்து நாள் கழிச்சி எங்களுக்கு உதவி பண்ணப் போறவரு, இன்னிக்கே வந்து கயித்தப் பிடிக்கக் கூடாதா? எங்கம்மா கை கன்னிப் போச்சி மாமா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

சடையப்பன் நோட்டீஸ்களின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு எழுந்தார். விறுவிறுவென்று நடந்துபோய் அம்மாவின் கையிலிருந்த கயிற்றை வாங்கினார்.

"அடேங்கப்பா! இத்த எப்படிம்மா இத்தினி நேரம் பிடிச்சிகினு இருந்த?" என்றார். பிறகு அவரே கயிற்றைக் குடைக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினார். தொய்ந்து கிடந்த பாவு விறைத்து நிமிர்ந்தது.

காவ்யா மேல்கோடிக்கு ஓடினாள். "பெரியப்பா, உங்களையும் ஒண்ணு கேக்கணும்."

"வேணாம் தாயி. அங்க கேட்டது இங்கயே காதுல விழுந்துச்சி," என்று ஜெயச்சந்திரன் வேட்டியை மடித்துக் கட்டினார். அவருக்கு முன்னால் சுகன்யா ஓடி வந்துவிட்டாள்.

பாஞ்சாலை அக்கா இந்த முறை யார் முகத்தையும் பார்க்கவில்லை. கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய வீட்டுக்காரரே பின்னால் கஞ்சி தடவும் துணியோடு வந்தார். பிறகு தெருவே இறங்கியது. கஞ்சி தடவினார்கள், இழை முடிந்தார்கள், நடுநடுவே மூங்கில் குச்சிகளை முட்டுக் கொடுத்தார்கள். பாவு நன்றாகக் காய்ந்தது.

சுருட்டலாம் என்று நினைத்த நேரத்தில் சொட்டென்று ஒரு துளி காவ்யாவின் மூக்கில் விழுந்தது.

"மழை! ஜல்தி! ஜல்தி!" என்று அப்பா கத்தினார்.

சடையப்பன் ஊர்வலத்துக்காக இருபத்தைந்து புதுக் குடைகள் வாங்கி வைத்திருந்தார். "எடுங்கடா குடையெல்லாம்!" என்றார். குடைகள் படபடவென்று விரிந்தன. ஆளுக்கு ஒன்றாகப் பாவின் மேல் பிடித்தார்கள்.

மணிக் கட்சி இளைஞன் ஒருவன் மட்டும் கையில் கொடுத்த குடையைப் பார்த்துத் தயங்கினான். "அண்ணே, இது அவங்க சின்னமாச்சே..."

"டேய், பட்டு நனையுது. நீ சின்னம் பாத்துகினு நிக்கிறியா?" என்று ஜெயச்சந்திரன் அந்தக் குடையைப் பிடுங்கித் தானே பிடித்தார்.

பாவு ஒரு துளிகூட நனையாமல் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. நனைந்ததெல்லாம் தெருக்காரர்கள்தான். அப்பா நன்றி சொல்ல வாயெடுத்தார். எல்லாருக்கும் டீ போடும்படி அம்மாவுக்குச் சைகை மட்டும் காட்டினார்.

பத்து நாளில் தேர்தல் முடிந்தது. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயச்சந்திரன் ஜெயித்தார். மேளம் முழங்கியது, வெடி வெடித்தது. தெரு மறுபடியும் இரண்டாகப் பிரிந்துவிடுமோ என்று காவ்யாவுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் பாஞ்சாலை அக்கா வீட்டுப் பாவு. முதல் ஆளாக வந்து நின்றவர் சடையப்பன்.

"மாமா, நீங்க தோத்துட்டீங்களே!" என்றாள் காவ்யா, வாய் தவறி.

"தோத்தவன் பாவு பிடிக்கக் கூடாதுன்னு எதுனா சட்டம் இருக்குதா?" என்று சிரித்தபடி அவர் கீழ்கோடிக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஜெயச்சந்திரன் மூச்சிரைக்க ஓடி வந்தார். ராத்திரியெல்லாம் ஊர்வலம் போன களைப்பில் அவர் கண் சிவந்திருந்தது.

"கவுன்சிலரே, செருப்பு! இழை மேல பட்டுடும்," என்று சுகன்யாவும் காவ்யாவும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"சரிம்மா, சரிம்மா. நான் எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

காவ்யா இரண்டு கோடியையும் பார்த்தாள். "சடையப்பன் மாமா பக்கம் ஆளு கம்மியா இருக்காங்க பெரியப்பா."

ஜெயச்சந்திரன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார்.