மாமியாருக்கு ஊற்றிய கஞ்சி

"கொண்டு போயிக் கொட்டு அதை! எனக்கு வேண்டாம்!"

ராமாத்தாள் தள்ளிவிட்ட கிண்ணத்திலிருந்து ஓட்ஸ் கஞ்சி மேசையெல்லாம் வழிந்தது. மருமகள் அன்புக்கரசி துணியை எடுத்துத் துடைத்தாள். வேறென்ன செய்வாள், பாவம்! மாமியார் சர்க்கரை ஏறி, காலில் புண் வந்து படுத்தபோது, பீளமேட்டு ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்து அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டி ஆற்றியவள் அவள். காலையில் ஓட்ஸ் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார், கொடுத்தாள். அதுவா குற்றம்?

இன்றைக்கென்று பார்த்து வீட்டில் ஒறம்பரை வேறு. உடுமலைப்பேட்டையிலிருந்து நாத்தனார் ரங்கநாயகி வந்திருந்தாள். வந்தவளுக்கு இட்லியும் கறிக்குழம்பும். பெற்ற தாய்க்குக் கஞ்சி. விடுவாளா?

"தம்பியும் நானும் கறிக்கொழம்புல முக்கித் திங்கறோம். எங்கம்மாளுக்கு மட்டும் கஞ்சியா? நல்லா இருக்குது அம்மிணி உன்ர நாயம்!"

"டாக்டரு சொன்னதுங்க அண்ணி..."

"டாக்டரு மேல பழியப் போடாத!"

ராமாத்தாள் வாய்விட்டு அழுதாள். "காட்டு வேலைக்குப் போயி, காட்டுக்காரப் பண்ணாடி ஊட்டு வாசல்ல கையேந்திக் கஞ்சி குடிச்சவ நானு. பையன் ஊட்டுலயாவது இட்லி திங்கோணும்னு ஒடம்பத் தேச்சேன்... இங்கயும் கஞ்சிதானா சாமீ!"

அன்புக்கரசி துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஐயோ, இது தெரியாதே! ஒருத்தரும் சொன்னதில்லையே! கணவன் மாசாணத்தைப் பார்த்தாள். அவன் குனிந்து தட்டில் அடுத்த இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

"கெளம்பும்மா, என்ர ஊட்டுக்குப் போலாம்" என்று ரங்கநாயகி பையைத் தூக்கினாள். ஆட்டோவும் வந்துவிட்டது. போயிட்டு வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ராமாத்தாள் படியிறங்கினாள். மாமியாரைத் துரத்தியவள் என்ற பேர் இனி அன்புக்கரசிக்கு ஆயுசுக்கும் போகாது.

ஆட்டோவில் கால் வைத்த பிறகுதான் இன்சுலின் ஃபிரிட்ஜிலேயே இருப்பது ராமாத்தாளுக்கு ஞாபகம் வந்தது. விடுவிடென்று அடுப்படிக்குத் திரும்பினாள்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மருமகள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். தன் மாமியாரிடமிருந்து ராமாத்தாள் பிடித்துவைத்திருந்த வழக்கம் அது. அதனால் அன்புக்கரசி என்ன சாப்பிடுகிறாள் என்று யாரும் பார்த்ததே இல்லை.

இன்றைக்கு ராமாத்தாள் பார்த்தாள். இட்லிச் சட்டி பக்கத்திலேயே இருக்க, அன்புக்கரசி கண்ணீர் சொட்டச் சொட்ட ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு... இட்லி அத்தன கெடக்குது. நீ எதுக்கு இந்தக் கருமத்தக் குடிக்கறே?"

அன்புக்கரசி பதறி எழுந்தாள். "தினோம் இதுதானுங்கத்தே... ஆசப்பட்ட இட்லிய விட்டுப்போட்டு நீங்க இதக் குடிக்கறப்போ, எனக்கு எப்படிங்க இட்லி தொண்டைல எறங்கும்?"

"அட பாவி மவளே! இத ஏன் சொல்லல நீயி?"

"சொன்னா... சொல்லிக்காட்டற மாதிரி ஆயிருமுங்களே!"

ராமாத்தாள் அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் விம்மி விம்மி அழுதார்கள்.

"அம்மா, ஆட்டோக்காரரு கத்தறாரு!" என்று ரங்கநாயகி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அனுப்பிப்போடு அவர! நான் எங்கயும் வர்ல. பெத்த புள்ளைக நீங்க என்ர முன்னால இட்லி தின்னீங்க. இவ என்ர கூடக் கஞ்சி குடிச்சா!"

ரங்கநாயகியின் முகம் தொங்கிப்போயிற்று. "தெரியாமப் பேசிப்போட்டேன் அன்பு... மனசுல வெச்சுக்காத" என்றாள்.

ராமாத்தாள் புண் ஆறிய காலை மெல்ல நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். மருமகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"உக்காரு கண்ணு. எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்து. நாளையிலருந்து நீயும் நானும்தான் மொதப் பந்தி. உன்ர புருசன் கடசில திங்கட்டும்!"