திருப்பிச் சொன்னவள்

விமானம் நகரத் தொடங்கியதும் முதல் வேலை பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்ப்பது. பிறகு தரையில் போட்ட மஞ்சள் கோட்டிலிருந்து விலகாமல், ஆள் நடக்கிற வேகத்தில் போக வேண்டும். திருப்புவது காலால். முன்னாலிருக்கும் கைச்சக்கரத்தைக் கார் ஓட்டுவதுபோலத் திருகினால் விமானம் அதுபாட்டுக்கு நேராகப் போகும். முதல் வாரம் நாங்கள் எல்லாரும் அந்த மடத்தனத்தைச் செய்தோம்.

செம்மணல் விமானத்தளத்தில் இந்தத் தரையோட்டத்தைப் பதினெட்டு மாதம் படித்தோம். பறக்கப் படிக்கவில்லை. பறப்பதெல்லாம் தன்னோட்டி இயந்திரத்தின் வேலை. ஓடுபாதையின் நுனிவரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதற்குப் பெயர் விமானியாம்! தூ.

அவ்வளவு கெட்டிக்கார இயந்திரத்துக்குத் தரையில் உருளத் தெரியாதா என்று என்னோடு படித்த இசக்கிமுத்து அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன்.

“அதெல்லாம் தெரியும் ஜெசிந்தா. இடிச்சா யாரைப் பிடிச்சு உள்ள போடுறது? மெசினையா? அதுக்குத்தான் நாம,” என்று சிரித்தார்.

சட்டமே அப்படித்தான். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் மனிதர் கிடையாது, கோபுரி என்ற இயந்திரக் குரல்தான். அது கட்டளை சொல்லும், நாங்கள் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த நொடியில் பொறுப்பு எங்கள் தலையில். காதில் விழுந்ததும் வாய் தானாகச் சொல்லும்படி எங்களைப் பழக்கி வைத்திருந்தார்கள்.

இறுதித் தேர்வன்று பின்னால் அறுபது பயணிகள். “ஓடுபாதையைக் கடக்கலாம்,” என்றது கோபுரி. திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வலப்பக்கம் பார்த்தேன். ஐயோ, இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது! நிறுத்தக்கோட்டில் பிரேக்கை மிதித்தேன். அது எங்கள் மூக்குக்கு முன்னால் சீறிக்கொண்டு போயிற்று.

தேர்வாளர் தளவாய் சார் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ஒரு தாளை நீட்டினார்.

“கோபுரி நிக்கத்தான் சொல்லுச்சு, நான்தான் பதற்றத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடும்மா. லைசென்ஸ் இன்னைக்கே கையில.”

“பதிவு இருக்குமே சார்?”

“அதை நான் பாத்துக்கிடுதேன். நீ கடந்திருந்தா தப்பு உன்னோடதுன்னு முடிஞ்சிருக்கும். நின்னுட்டியே, ஏன் நின்னேன்னு கேள்வி வரும்லா? கோபுரி மேல தப்புன்னா எல்லாத் தளத்தையும் மூடணும். உனக்கும் வேலை கிடையாது.”

அறுபது உயிரைக் காப்பாற்றியவள் குற்றவாளியாகக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேறு பிழைப்பு இல்லை. இசக்கிமுத்து அண்ணனிடம்கூட மூச்சு விடவில்லை. விஷயம் வெளியே போனால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். கோபுரியை யாரும் திருத்தவில்லை. திருத்தினால் தப்பென்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே.

ஒன்பதாம் நாள் அதே இடத்தில் அதே கட்டளை இசக்கிமுத்து அண்ணனுக்கு வந்தது. பழக்கியபடியே திருப்பிச் சொல்லிவிட்டுக் கடந்தார். இறங்கிவந்த விமானம் மோதியது. அவரும் முப்பத்தோரு பயணிகளும் போய்விட்டார்கள். திருப்பிச் சொன்னவர் அவர் என்பதால் குற்றமும் அவருடையதென்று விசாரணை ஒரே நாளில் முடிந்தது.

துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி முப்பிடாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊரே அவுகளைக் கொலைகாரன்னு ஏசுது. நீ கூடப் படிச்சவதான? அந்த மெசினு தப்பாச் சொல்லியிருக்குமா, தாயி? உள்ளதைச் சொல்லு.”

நான் யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது.

“கோபுரி தப்பாச் சொல்லாதுக்கா.”