நட்டின் மேல் சிவப்புக் கோடு

காலை பத்தரைக்கு அந்த மெக்கானிக் விமான விபத்து விசாரணை அலுவலக வாசலில் வந்து நின்றபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

“மேடம், முந்தாநாள் வயல்ல விழுந்த குட்டி விமானத்துக்கு சர்வீஸ் பண்ணது நான்தான். பைலட் ரெண்டு காலும் ஒடிஞ்சு கிடக்கார். அதே நாள் இன்னொரு விமானத்துக்கும் பண்ணேன். அது பதினோரு மணிக்குக் கிளம்புது. ஓட்டப்போறது எங்க ஃபோர்மேன் சாரோட பொண்ணு. தனியா, முதல் தடவை. நிறுத்துங்கன்னா, ‘அது விழுந்தது பெட்ரோல்ல தண்ணி கலந்ததால, நீ வாய மூடு’ங்கறார். எனக்கு பயமா இருக்கு மேடம்.”

விபத்து விசாரணை அதிகாரியான அந்த அம்மாளுக்குப் பதறிப் பழக்கமில்லை. அந்த வேலையை அவருடைய புகைப்படக்காரரும் கணவருமான மனிதர் பார்த்துக்கொள்வார். அதற்குள் அந்தக் கணவர் கார் சாவியோடு படியிறங்கியிருந்தார்.

காரணம் தெரியாமல் எந்த விமானத்தையும் நிறுத்தச் சொல்ல முடியாது. விமானக் கொட்டகையில், நொறுங்கிய எஞ்சின் ஒரு மேசைமேல் கிடந்தது.

“தொடாதீங்க, முதல்ல படம் எடுங்க,” என்றார் அதிகாரி.

பெட்ரோல் குழாயின் நட்டிலிருந்து அதன் இணைப்புவரை சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு, ஒடியாமல் நேராக இருந்தது. படம் எடுத்ததும் அதிகாரி நட்டை இரண்டு விரலால் திருகினார். அது சுலபமாகச் சுழன்றது.

“குலுங்கிக் குலுங்கிக் கழண்டிருக்கும்!” என்றார் கணவர்.

“கழண்டிருந்தா கோடு ஒடிஞ்சிருக்கணுமே, துப்பறியும் புலி!” என்றவர், அங்கே வந்த ஃபோர்மேனிடம் திரும்பினார். “இந்தக் கோடு யார் போடறது?”

“நான்தான். நட்டு இறுகியிருக்குங்கறதுக்கு அடையாளம் அது. முறுக்கினவன் போடக்கூடாது, இன்னொருத்தர் சரிபார்த்துப் போடணும். இருபது வருஷமா இதுதான் வழக்கம்.”

“ஸ்பேனர் வெச்சுப் பாத்தீங்களா?”

“இவன் கை வெச்ச வேலைக்கு ஸ்பேனர் எதுக்கு? இவன்கிட்ட நான் குறையே கண்டதில்ல.”

மெக்கானிக் தலைகுனிந்தான். “ரெண்டு விமானத்துலயும் நட்டை விரலால ஏத்திட்டு ஸ்பேனர் எடுக்கப் போனேன். வந்து பாத்தா கோடு இருந்துச்சு. சாரே முறுக்கிட்டார்னு நெனச்சேன்.”

“அவ்வளவுதான் விஷயம்,” என்றார் அதிகாரி. “லூசா இருக்கும்போதே கோடு போட்டாச்சு. நீங்க இவரை நம்பினீங்க, இவர் உங்க கோட்டை நம்பினார். முறுக்கினது யாருமே இல்ல. பெட்ரோல் கசிஞ்சு எஞ்சின் நின்னுடுச்சு.”

“ஃபோர்மேன் தெரிஞ்சே மறைச்சிருந்தா?” என்று கிசுகிசுத்தார் கணவர்.

“தெரிஞ்சா பெத்த பொண்ண ஏத்துவாரா?” அதிகாரியின் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. “அந்த இன்னொரு விமானம்...”

வெளியே எஞ்சின் உறுமியது. ஃபோர்மேன் ஓடினார். செருப்பு ஒரு பக்கம் போயிற்று. ஓடுபாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்த விமானத்தின் எதிரே இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நின்றார். மகள் அணைக்கக் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூக்கில் சுழலும் விசிறி அவரையே அறுத்திருக்கும். எஞ்சின் அணைந்தது.

எஞ்சின் மூடியைத் திறந்தார்கள். அதே சிவப்புக் கோடு, நேராக. ஃபோர்மேன் நட்டின் மேல் விரலை வைத்தார். அது சுழன்றது.

“என்னப்பா இது?” என்று மகள் கீழே குதித்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. இறக்கையைப் பிடித்தபடி அதிகாரியிடம் சொன்னார்:

“காலைல ‘பயமா இருக்குப்பா’ன்னு அழுதா மேடம். ‘அப்பா பாத்துட்டேன், தைரியமா போ’ன்னு நான்தான் அதட்டி அனுப்பினேன்.”